சிவப்புக் குடத்தை வைத்துப் பாடம் நடத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அரைத்தூக்கத்தில் என்னவோ உளறிவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் கதைக்களம், பின்னல், உவமை, உருவகம் எல்லாம் நடத்த வேண்டும், மெல்போர்ன் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்றாய். விடத்தான் செய்வார்கள். முப்பது வருஷம் நானும் வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும் என்று உருப்போட வைத்தவள்தான்; இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டு 2015 டிசம்பர் 1, சென்னையில் வெள்ளம் வந்த ராத்திரியைச் சொல்லு. நம் சைதாப்பேட்டை வீடு, கரண்ட் இல்லை, நீ பிளஸ் ஒன்.

களம் என்றதும் பிள்ளைகள் ஊர்ப்பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வதே நிலமும் பொழுதும் சேர்ந்ததைத்தான். அதே வீடு, அதே அடையாறு, ஆனால் மே மாதம் என்று வைத்துக்கொள், நமக்குக் கதையே கிடையாது, கொசு மட்டும்தான். அப்புறம் பின்னல். மழை பெய்தது, மாடிக்குப் போனோம் என்பது வெறும் வரிசை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்து சேர்ந்தது, அதனால் ஆறு தெருவுக்குள் ஏறியது, அதனால் மாடிக்கு ஓடினோம், இந்த ‘அதனால்’தான் பின்னல். சீக்கிரம் தாண்டிவிடு.

உவமை, உருவகத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். ‘வெள்ளம் பாம்பு மாதிரி வாசற்படி ஏறியது’ உவமை. ‘வெள்ளப் பாம்பு வாசற்படி ஏறியது’ என்று ‘மாதிரி’யைத் தூக்கிவிட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உருவகம். (அன்றைக்கு நிஜமான தண்ணீர்ப்பாம்பும் ஒன்று வந்தது, அதற்கு அணி இலக்கணம் கிடையாது.) ‘சைதாப்பேட்டையே மொட்டை மாடியில் நின்றது’ என்றால் நின்றது ஊர் இல்லை, ஊர்க்காரர்கள், அது ஆகுபெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தற்குறிப்பேற்ற அணி, பேர்தான் வாயில் நுழையாது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது மதில்மேல் கொடி ஆடுகிறது. காற்றுக்குத்தான் ஆடுகிறது, ஆனால் இளங்கோவடிகள் அது ‘வராதீர்கள்’ என்று கை காட்டுவதாகச் சொல்லிவிடுகிறார். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் மனசில் இருப்பதை ஏற்றிவைக்கிறார், அவ்வளவுதான். நீயும் அதைச் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? விடிந்ததும் நம் சிவப்பு பிளாஸ்டிக் குடம் கேட்டைத் தாண்டி மிதந்து போனது, மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து. நீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ‘அம்மா, அது தலையாட்டிப் போயிட்டு வரேன்னு சொல்லுதும்மா’ என்றாய். இருபது வருஷம் அந்த அணியை நடத்தியவளுக்கு அப்போது அது உறைக்கவில்லை, குடம் போன கவலையில் உன்னைத் திட்டினேன்.

கடைசியாக நோக்குநிலை, அதாவது கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. அப்பா சொன்னால், அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியது உன் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை எடுக்க. நான் சொன்னால், சிகரெட் பாக்கெட்டை எடுக்க. இரண்டும் ஒரே பாலிதீன் கவரில்தான் மேலே வந்தன, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகளிடம் இரண்டு கதையையும் சொல்லி, யார் சொல்வதை நம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. கொட்டாவி விடுகிறார்களா பார்ப்போம்.

அப்பாவிடம் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று போன் பண்ணாதே, மார்க்‌ஷீட் கதையையே மறுபடி முக்கால் மணி நேரம் சொல்வார். வடாம் காயப்போட்டிருக்கிறேன், காக்கா வருவதற்குள் மாடிக்குப் போகணும்.

அன்புடன்,
அம்மா