பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளின் பெற்றோருக்கு

தக்கலை
ஜனவரி 20

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பின் என்ன படிக்க விருப்பம் என்று எழுதித் தரச் சொல்லி, சென்ற வாரம் மாணவிகளுக்கு ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தோம். ஒரு சீட்டில் முதலில் எழுதிய சொல்லை நாலைந்து கோடு இழுத்து அடித்துவிட்டு, அதன் கீழே ‘பி.காம்.’ என்று எழுதியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிபட்டிருந்த சொல் ‘சட்டம்’. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். “கோர்ட், கேஸ் எல்லாம் பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார், டீச்சர்” என்றாள். அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்படி அடித்து எழுதிய சீட்டுகள் இன்னும் ஆறு இருந்தன.

1997 ஜனவரி 25 அன்று தமிழ்நாட்டின் ஆளுநராகப் பொறுப்பேற்ற நீதிபதி பாத்திமா பீவியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆளுநர் மாளிகைக்கு வந்தபோது அவருக்கு வயது 69. அவர் புறப்பட்ட வீட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன்.

1927இல், இன்று கேரளத்தில் இருக்கும் பத்தனம்திட்டாவில் பிறந்தவர். அன்று அந்த ஊரும் நம் தக்கலையும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். அதனால் அவரை அயலூர்க்காரராக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. அப்பா மீரா சாகிப் அரசு ஊழியர். அம்மா கதீஜா பீவி. ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள் என்று எட்டுப் பிள்ளைகள். மூத்தவர் பாத்திமா. ஆறு பெண்களைப் பெற்ற வீட்டில், அதுவும் அந்தக் காலத்தில், உறவினர் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அப்பா மகளைத் திருவனந்தபுரத்துக்குப் படிக்க அனுப்பினார்.

பி.எஸ்சி. முடித்ததும் வேதியியலையே தொடர வேண்டும் என்பது மகளின் ஆசை. சட்டம் படி என்று சொன்னவர் அப்பா. காரணம் இருந்தது. 1937இல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண் வழக்கறிஞர் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிமன்ற நீதிபதியாக, நியமிக்கப்பட்டு, நாட்டின் முதல் பெண் நீதிபதி ஆகியிருந்தார். ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது என்றால் நம் மகளும் உட்காரலாம் என்று அந்தத் தகப்பனுக்குத் தோன்றியிருக்கிறது.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பிள்ளை ஆசைப்படுகிறாள், அப்பா தயங்குகிறார். உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. விடியும் முன் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வடிக்கப் போய்ச் சேர்த்த காசில் மகளை வெளியூர் விடுதியில் விடுவது எளிய காரியமா?

பாத்திமா பீவிக்கும் எளிதாக அமையவில்லை. 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்று, அந்த நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். தலையில் முக்காடிட்ட இளம்பெண் கொல்லம் கோர்ட்டில் வாதாட வந்ததைப் பலர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். 1958இல் முன்சீப். பிறகு சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி, கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1989 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முன்சீப் வேலையிலிருந்து அங்கே போய்ச் சேர 31 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் அந்த நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதிகூட இருந்ததில்லை. ஆளுநர் பதவி ஓய்வுக்குப் பிறகு வந்தது. 2001இல் ஜெயலலிதாவை ஆட்சியமைக்க அழைத்த அவருடைய முடிவு கடும் சர்ச்சைக்கு உள்ளானது. அந்த ஆண்டு ஜூலையில் பதவி விலகினார். இதையும் மாணவிகளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

இனி நம் காரியம். பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரி திருநெல்வேலியிலேயே இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவி உயர்கல்விக்குப் போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பம் நிரப்ப எங்கள் ஆசிரியைகள் கூடவே இருப்பார்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் கூடுகிறோம். நாகர்கோவில் கோர்ட்டில் வாதாடும் நம் பழைய மாணவி ஒருவர் பேச வருகிறார். பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாக்கள் மட்டுமே வருவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை அப்பாக்களும் அவசியம் வர வேண்டும், மதியத்துக்குள் முடித்துவிடுவோம்.

சீட்டுகளை மாணவிகளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தோடு சனிக்கிழமை கொண்டுவாருங்கள். சீட்டில் அடித்தல் ஏதும் இருந்தால், அங்கே முதலில் என்ன எழுதியிருந்தாள் என்று மகளிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை