மூன்று சுருள் பிழைத்தது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இலங்கை மலையகத்தின் அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கூடலூர் என்று பல ஊர்களிலிருந்தும் எங்களுக்குக் கைகொடுத்த சொந்தங்களுக்கு வணக்கம்.

சித்தப்பாவின் படத்தை எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் திரையிட்டதிலிருந்து, இதெல்லாம் எங்கே கிடந்தது, யார் சரிப்படுத்தியது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த மடல். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது, ஆகவே யார் பெயரும் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1974இல், தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் இரவல் சூப்பர் 8 (8 மி.மீ. ஃபிலிம் ஓடும் சின்ன) கேமராவில் எடுத்தது. கதை கிடையாது, வசனம் கிடையாது. மொத்தம் ஆறு சுருள்: பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது), கொழுந்து (தேயிலை பறிப்பது), காமன் கூத்து (சிவன் எரித்த மன்மதன், மனைவி ரதி அழுதபின் உயிர்பெறும் கூத்து), சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசை, கோச்சி (ரயில்), கடைசியாக மவுசாக்கலை (மஸ்கெலியாவின் நீர்த்தேக்கம்). ஒரு சுருள் 50 அடி. நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடி வரும். ஆக, முழுப்படமே 20 நிமிடம்தான். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாகி, குடும்பம் குடும்பமாக, கப்பல் ஏறும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிக்கொண்டிருந்தார்கள். அரசுக்கு எதிரான 1971 இளைஞர் கிளர்ச்சியோடு வந்த அவசரகாலச் சட்டமும் இருந்தது. தணிக்கைச் சான்றிதழ் கேட்டுப் போனால் படமும் போகும், வேலையும் போகும் என்று பயந்து, கோயில் திருவிழா ஜெனரேட்டரில் இரவோடு இரவாக ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பெரிய கலைப்படம் என்று நான் சொல்ல மாட்டேன். சில இடங்களில் கை நடுங்குவது அப்படியே தெரிகிறது. ஆனால் அந்த வயதில், அந்த ஊரில், யாரும் சொல்லித் தராமல் இப்படி ஒன்றை நினைத்தார்களே என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இந்த வகை ஃபிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைத்தான் கழுவித் திரையிலும் ஓட்டுவார்கள். ஒரு சுருள் போனால் போனதுதான். கொழுந்துச் சுருள் 1977 கலவரத்தில் ஒரு கூட்டாளியின் வீட்டோடு எரிந்தது. சங்கக்கடையும் மவுசாக்கலையும் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது வினாகிரி வாடை மூக்கைத் துளைத்தது. அசிடேட் ஃபிலிம் ஈரத்தில் கெட்டால் அசிட்டிக் அமிலம் கக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் ஃபிலிமையே மேலும் தின்னும். இரண்டும் அப்பளமாக வளைந்து ஒட்டிக் கிடந்தன. பழைய மஸ்கெலியா ஊர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபின், தண்ணீர் வற்றிய ஒரு மாதத்தில் மேலே தெரிந்த கோயிலை எடுத்தது அந்த மவுசாக்கலைச் சுருள். நினைத்தால் வயிறு எரிகிறது.

முதல் நன்றி பெரியம்மாவுக்கு. பெரட்டும் காமன் கூத்தும் தப்பியதற்கு அவர் ஒருவர்தான் காரணம். பெரிய யோசனையெல்லாம் இல்லை, வேறு பெட்டி கிடைக்காததால் பழைய தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்தாராம். தேயிலையில் ஈரம் ஏறாமல் இருக்க அந்தப் பலகைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் போல ஓர் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள் இங்கத்தைய மழையைத் தடுத்தது, பலகை இடுக்கு காற்றை விட்டது. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) கழுவி வெள்ளையடித்த ஒவ்வொரு தீபாவளிக்கும் "இந்தக் குப்பையை வீசு" என்று வீட்டில் எல்லோரும் சொல்லியும் அவர் வீசவில்லை.

கோச்சிச் சுருள் கிடைத்தது கூடலூரில். இலங்கையிலிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தின் குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா, பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறுவது அவருடைய அம்மா. படம் எடுத்த கூட்டாளிகளில் ஒருவர் அந்த அம்மாவின் தம்பி. பின்னால் அவரும் கப்பல் ஏறியபோது, தன் அக்காவுக்குக் கொடுக்க என்று இந்தச் சுருளை மடியில் கட்டிக்கொண்டு, ராமேஸ்வரம், வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் எல்லாம் கடந்து கொண்டுபோயிருக்கிறார். அங்கே யாரிடமும் புரொஜெக்டர் இல்லை. வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அம்மா எந்தக் கட்டத்தில் தெரிகிறார் என்று பார்ப்பார்களாம். கொடாக்ரோம் என்ற இந்த வண்ண ஃபிலிம் இருட்டில் கிடந்தால் அவ்வளவாக நிறம் வெளிறாது. அந்தச் சிவப்புச் சேலை இன்னும் அப்படியே இருக்கிறது. தாயின் முகம் இருக்கும் பொருளை முன்பின் தெரியாத எங்களிடம் நம்பிக் கொடுத்தீர்களே அக்கா, அதற்கு என்ன சொல்வது!

அப்புறம் சத்தம். படத்துக்கான தப்பு மேளமும் பேச்சும் தனியாக ஒரு கேசட்டில் இருந்தன. உள்ளே நாடாவை அழுத்தும் கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. அட்டன் டவுனில் ரேடியோ திருத்தும் அண்ணன், கேசட்டைப் பிளந்து நாடாவை வேறொரு கூட்டுக்குள் மாற்றிச் சுற்றிக் கொடுத்தார். கேட்டால் 20 நிமிடமும் முழுசாக இருக்கிறது! ஆனால் எந்தச் சத்தம் எந்தச் சுருளுக்கு என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அதைத் தீர்த்தவர் தப்புக்காரத் தாத்தா. அவருக்கு நான் தனியாக ஒரு மடலே எழுத வேண்டும். கேசட்டைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "இது பெரட்டுத் தப்பு. இது சாவுக்கு அடிக்கிறது. இது காமனுக்கு, ரதி அழுவுற எடம்" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். அதை வைத்துத்தான் சத்தத்தைப் படத்தோடு சேர்த்தோம். அதோடு நிற்கவில்லை. காமன் கூத்துச் சுருளில் வாலிபனாகத் தப்படிப்பது அவரேதான். காமன் எரியும்வரை சும்மா பார்த்தவர், காமன் சாம்பலிலிருந்து எழும் கட்டத்தில் சட்டென்று, "நிப்பாட்டு, குச்சி கை மாறியிருக்கு. நான் எப்ப இடக்கையால அடிச்சேன்?" என்றார்.

சென்னையில் ஸ்கேன் செய்து கொடுத்த தம்பிகளிடம் இதைச் சொன்னோம். அந்த இடத்தில் சுருளில் ஓர் ஒட்டு இருப்பதையும், ஒட்டுக்குப் பிறகு படம் லேசாக மங்குவதையும் அவர்களும் கவனித்திருந்தார்கள். விசயம் இதுதான்: சித்தப்பா கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்து, கழுவி வந்தபின் அந்தத் துண்டை வெட்டி, முன்பின்னாகத் திருப்பி ஒட்டியிருக்கிறார். அப்போது படம் நிமிர்ந்துவிடும், அசைவு மட்டும் பின்னோக்கி ஓடும். காமன் எரிந்தபடியே எழுந்துவிடுவான். ஆனால் சூப்பர் 8இல் ஃபிலிமை இழுப்பதற்கான துளை ஒரு பக்கம் மட்டும்தான். துளை பொருந்த ஃபிலிமைப் புரட்டினால் இடது வலது மாறிவிடும். காமனுக்கு உயிர் கொடுக்க ஒரு வாத்தியார் செய்த வித்தையை 50 வருடம் கழித்துக் குச்சியைப் பார்த்துக் கண்டுபிடித்தார் தாத்தா. அந்தத் தம்பிகள் பூஞ்சணத்தை ஆல்கஹாலில் துடைத்து, சுருங்கிய ஃபிலிமைப் பற்சக்கரத்தில் மாட்டாமல் பிரேம் பிரேமாக எடுத்துக் கொடுத்ததற்கும் பெரிய நன்றி. கூலியில் பாதிதான் வாங்கினார்கள்.

இல்லாத மூன்று சுருளுக்குப் பதில் டிரோனில் புதிதாக எடுத்துப் போடலாம், செலவை ஏற்கிறோம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். அந்த அன்புக்கும் நன்றி, ஆனால் வேண்டாம் என்றே முடிவு செய்தோம். அந்த 10 நிமிடமும் திரை கறுப்பாக இருக்கும், கேசட் மட்டும் ஓடும். சங்கக்கடை வரிசையில் பெண்கள் போடும் சண்டையைப் படமில்லாமல் கேட்டபோது மண்டபத்தில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வயதான இருவர் அது யார் யார் குரல் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதையும் பதிவு செய்து வருகிறோம்.

கோயில் கமிட்டிக்கும், மழையில் நாற்காலி சுமந்த பிள்ளைகளுக்கும், டீசலுக்குக்கூடக் காசு வாங்காத ஜெனரேட்டர் அண்ணனுக்கும், அத்தனை பேருக்கும் ரொட்டியும் பிளேன்டியும் கொடுத்த மேல்லயத்து அக்காமாருக்கும் நன்றி. படத்தின் பிரதி பென் டிரைவில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுப்போம். யார் வீட்டிலாவது இப்படிப் பழைய சுருள் இருந்து வினாகிரி வாடை வந்தால், பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். இறுக மூடியும் வைக்காதீர்கள். காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
வாத்தியாரின் அண்ணன் மகள்