கணிதத்தில் இடம் இல்லையென்றால்தான் புள்ளியியலா?

ஆசிரியருக்கு,

பிளஸ் 2 முடித்தவர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் பி.எஸ்சி. புள்ளியியல் பெரும்பாலும் கடைசி வரியில்தான் வருகிறது. கணிதத்தில் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்றே பெற்றோர் பலரும் நினைக்கிறார்கள். இது வருத்தமாக இருக்கிறது.

சராசரி கணக்கிடுவதோடு முடிகிற படிப்பு அல்ல இது. சில வீடுகளில் மட்டும் கேட்டு ஊர் முழுவதன் நிலைமையை அறியும் மாதிரிக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் எந்தெந்த வீடுகளுக்குப் போவது என்பதைச் குலுக்கல் போல எடுக்கும் சமவாய்ப்பு எண்களை வைத்து முன்கூட்டியே முடிவு செய்வார்கள். போனால் ஒரு வீடு பூட்டியிருக்கிறது. சரி, பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போவார்கள். வீட்டில் இருப்பவர்களின் நிலைமையே ஊர் நிலைமையாகப் பதிவாகிவிடும். மாலையில் மறுபடி போய்க் கதவைத் தட்டத்தான் வேண்டும். இந்தப் பொறுப்புணர்வை இளங்கலையிலேயே கற்றுத்தரும் பாடம் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைவாய்ப்பும் குறைவில்லை. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வைப் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த இளங்கலைப் பட்டதாரிகளும் எழுதலாம். மேலே படிக்க, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு. இதெல்லாம் அரசுப் பள்ளி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாவட்டந்தோறும் குறைந்தது ஓர் அரசுக் கல்லூரியிலாவது, கணினி ஆய்வகத்தோடு இந்தப் படிப்பைத் தொடங்க உயர்கல்வித் துறை முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த வழிகாட்டிப் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், மதுரை