மேல் கடைவாய்ப் பல் ஆடினால்: தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

ஈறு கெடாமலேயே ஒரு பக்கத்து மேல் கடைவாய்ப் பற்கள் மட்டும் ஆடுகின்றன என்று யாராவது வந்தால், பல்லைப் பிடுங்கும் முன் அவருடைய மூக்கைப் பற்றிக் கேளுங்கள். அது மூக்கை ஒட்டிய சைனஸ் அறையில் வளரும் புற்றுநோயாக இருக்கலாம். அதற்காகத்தான் இந்த மடல்.

என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சில ஆண்டுகளுக்கு முன் வலது மூக்கில் சதை வளர்ந்து அறுவை சிகிச்சை நடந்ததைச் சொல்லியிருப்பார். அது இன்வர்டெட் பாப்பிலோமா என்ற கட்டி. புற்றுநோய் இல்லைதான், ஆனால் வெட்டி எடுத்தாலும் திரும்ப முளைக்கக்கூடியது. நூற்றில் 5 முதல் 15 பேருக்கு அது புற்றாக மாறுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் எண்டோஸ்கோப்பி (மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மூச்சு சீரானதும் அம்மா போவதை நிறுத்திவிட்டார். பிறகு பல் ஆடியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை. வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார். அந்தக் குழியிலிருந்து சதை எழும்பிய பிறகே பயாப்சிக்கு (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதற்கு) அனுப்பினார்கள். புற்றுநோய் என்று தெரிந்தது.

நீங்கள் அறியாததல்ல: மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கும் மேல்தாடை சைனஸுக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். சைனஸ் வெறும் காற்றறை என்பதால், உள்ளே கட்டி வளர்வது நெடுநாள் தெரிவதில்லை. சுவரை அரித்த பிறகுதான் வெளிப்படும். மேலே அரித்தால் கண் பிதுங்கும். முன்னே என்றால் கன்னம் வீங்கி மரத்துப்போகும். பின்னே என்றால் வாய் திறக்க முடியாது. கீழே அரித்தால் பல் ஆடும், அண்ணம் தடிக்கும், நேற்றுவரை பொருந்திய பல்செட் இன்று பொருந்தாது. இப்படிக் கீழே அரித்தவர்கள் முதலில் உங்களிடம்தான் வருவார்கள். கீழும் முன்னுமாக வளரும் கட்டிகள் மேலும் பின்னுமாக வளர்பவற்றைவிடச் சிகிச்சைக்கு வசப்படும் என்று சுவீடன் மருத்துவர் ஓன்கிரென் 1933இலேயே எழுதினார். அப்படியானால் காப்பாற்ற அதிக வாய்ப்புள்ளவர்களில் பலர் உங்கள் கிளினிக்கில்தான் காத்திருக்கிறார்கள். இந்த எண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இது அரிய நோய் என்பீர்கள். உண்மைதான். அரியது என்பதாலேயே நினைவில் வராமல் போகிறது. ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு உண்டா, சளியில் ரத்தம் வருகிறதா, கன்னம் மரத்திருக்கிறதா, மூக்கில் முன்பு கட்டி எடுத்தார்களா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். தொழிலையும் கேளுங்கள். மரத்தூளும் தோல் தூளும் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதிசெய்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாக மனதில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பல்லுக்கான சின்ன எக்ஸ்ரே போதாது. சைனஸுக்கு சிடி ஸ்கேன் எடுக்கவும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவும் எழுதிக்கொடுங்கள்.

அம்மாவின் வலது மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். வாய்க்கும் மூக்குக்கும் இடையே விழுந்த திறப்பை மூட அளவெடுத்துத் தகடு செய்துகொடுத்தவரும் உங்களில் ஒருவர்தான். அதைப் பொருத்திக்கொண்டுதான் அவர் இன்று சாப்பிடுகிறார், பேசுகிறார். அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களே, புறநோயாளிப் படிவத்தில் மூக்கைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பல் பிடுங்கிய குழி இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாவிட்டால் மறுபடியும் மருந்து எழுதாமல் பயாப்சிக்கு அனுப்ப மாணவர்களைப் பழக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்