சித்தூர்ப் புழையின் ஆக்சிஜனை இரவிலும் அளந்திடுக

கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கும், பரம்பிக்குளம்–ஆழியாறு கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குள் வரும் ஆழியாற்று நீரைப் பற்றி நாம் நெடுங்காலமாக ஒரே அளவில்தான் பேசி வருகிறோம். 1970 மே 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்பதும், வந்ததா இல்லையா என்பதுமே ஒவ்வொரு கோடையிலும் எழும் கேள்வி. எங்கள் நெல்லும் தென்னையும் அந்தக் கணக்கை நம்பியே நிற்கின்றன. அதன் முக்கியத்துவத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூலத்தரை ரெகுலேட்டரிலிருந்து கால்வாய்களுக்குத் திருப்பியது போக ஆற்றில் மிஞ்சி ஓடும் நீர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை டி.எம்.சி. கணக்கு சொல்லாது. நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பகலும் இரவும் இடைவிடாமல் அளந்து, அதிலிருந்து ஆற்றின் வளர்சிதை மாற்றத்தை, அதாவது ஆற்றின் உயிர்கள் ஆக்சிஜனை எவ்வளவு உண்டாக்கி எவ்வளவு செலவிடுகின்றன என்பதை, கணக்கிட்டால் அதை அறியலாம். அந்தப் பணியை, ஆழியாறு கேரளத்தில் பெறும் பெயரான சித்தூர்ப் புழையில் தொடங்குமாறு உங்கள் இரு வாரியங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதுள்ள நடைமுறையில், பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பகலில் எடுக்கும் மாதிரியை வைத்தே ஆற்றின் தரம் குறிக்கப்படுகிறது. குளிப்பதற்கு உகந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். பங்குனி வெயிலில் தேங்கினாற்போல் நகரும் நீரில், பாசி நிறைந்த பகுதிகளில், முற்பகலிலேயே இந்த அளவை எளிதில் தாண்டிவிட முடியும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான், பாசியின் ஒளிச்சேர்க்கை பிற்பகலில் அதையும் மீறி ஏற்றிவிடும். அதே பாசியும், அடிமண்ணில் மட்கும் பொருளும், நுண்ணுயிர்களும் இரவு முழுவதும் ஆக்சிஜனை உட்கொள்வதால், விடியலுக்கு முன் அளவு மிகத் தாழ்ந்துவிடலாம். மீன்கள் திணறுவது அந்த நேரத்தில்தான். முற்பகல் 11 மணிக்கு எடுத்த புட்டி அதைக் காட்டாது என்பது மட்டுமன்று, ஊட்டச்சத்து மிகுந்து கெட்டுப்போன ஆற்றை அது நலமான ஆறாகவே காட்டிவிடும் என்பதே என் முதன்மையான கவலை.

இந்த ஏற்ற இறக்கத்தையே அளவுகோலாக்கும் முறையை அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் 1956ஆம் ஆண்டிலேயே ஓடும் நீருக்கு வகுத்துத் தந்தார். ஆற்றின் ஒரு பகுதியில் ஆக்சிஜன் மாறுவதற்குக் காரணம் மூன்று: ஒளிச்சேர்க்கை கூட்டுகிறது, ஆற்றில் வாழும் அனைத்தின் சுவாசமும் குறைக்கிறது, நீர்ப்பரப்பின் வழியாகக் காற்றோடு நடக்கும் பரிமாற்றம் பற்றாக்குறையை நிரப்பவோ மிகுதியை வெளியேற்றவோ செய்கிறது. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால், அந்தி சாய்ந்தபின் ஆக்சிஜன் இறங்கும் வேகத்திலிருந்து சுவாசத்தையும் பரிமாற்ற வேகத்தையும் பிரித்தெடுக்கலாம். பிறகு பகல் நேர மாற்றத்திலிருந்து மொத்த முதன்மை உற்பத்தியை, அதாவது ஒளிச்சேர்க்கையால் உண்டான ஆக்சிஜன் முழுவதையும், கணக்கிடலாம். சராசரி ஆழத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிராம் ஆக்சிஜன் என்ற எண் கிடைக்கும்.

இம்முறையில் மிகக் கடினமானது காற்றோடு நடக்கும் பரிமாற்றத்தை மதிப்பிடுவதே. பாறைகளில் சலசலத்து ஓடும் இடத்தில் அது மிக வேகமாகவும், தடுப்பணைக்கு மேலே தேங்கிய நீரில் மிக மெதுவாகவும் நடக்கும். அணைக்கட்டிலிருந்து விழும் நீர் நிறையக் காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதால், அதற்கு அருகே கருவியை வைத்தால் கணக்கு பொய்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்த நிலத்தடி நீர் ஊறிச் சேரும் இடத்தில் சுவாசம் உள்ளதைவிட மிகையாகத் தெரியும். ஆகாயத்தாமரை படர்ந்த பகுதியிலோ, அதன் இலைகள் காற்றோடு நேரடியாகப் பரிமாறிக்கொள்வதால், அதன் உற்பத்தி நீரின் கணக்கில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷட்டர் திறப்பால் நீர்மட்டம் திடீரென ஏறும் நாள்களை ஒதுக்கித்தான் கணக்கிட முடியும். ஆகவே, நீர் திறப்பு விவரத்தை மணிவாரியாகக் கூட்டு வாரியம் தராவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எத்தனை நல்ல கருவி வைத்தாலும் பயன் குறைவே.

அமெரிக்காவின் 222 ஆறுகளின் தரவை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆற்றின் வளர்சிதை மாற்றத்தை ஒளியும் நீரோட்டத்தின் போக்குமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. நீரோட்டம் முழுவதும் மனிதர் கையில் உள்ள எங்கள் ஆற்றில், நீர் திறப்பது பாசன முடிவாக மட்டும் இருக்க முடியாது. ஆற்றின் உயிரோட்டத்தைப் பற்றிய முடிவாகவும் அது ஆகிவிடுகிறது. ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. சுவாசம் உற்பத்தியை மிஞ்சுவதைக் கண்டதும் மாசு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இலைச்சருகு விழும் காட்டோடைகளில் அதுவே இயல்பு. எனவே நெல்லியாம்பதிச் சரிவின் ஓடை ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்து அளக்க வேண்டும்.

மணக்கடவுக்குக் கீழே, மூலத்தரைக்குக் கீழே, சித்தூர் நகரைத் தாண்டிய பின் என ஆற்றில் மூன்று இடங்களிலாவது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்சிஜனைப் பதிவு செய்யும் ஒளியியல் உணரிகளை நிறுவுங்கள். வெப்பநிலை, ஒளி, காற்றழுத்தம், ஆழம் ஆகியவையும் உடன் பதிவாக வேண்டும். உணரியில் பாசி படியும் என்பதால் ஒழுங்காகத் துடைப்பதற்கும், நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிமுறையில் அளக்கும் விங்க்லர் முறை டைட்ரேஷனால் சரிபார்ப்பதற்கும் ஆள் வேண்டும். பயிற்சி அளித்தால், அந்தப் பொறுப்பை ஏற்க எங்கள் பகுதிக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்களால் முடியும். கிடைக்கும் தரவை மலையாளத்தோடு தமிழிலும் வெளியிடுங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. வரும் ஜனவரிக்கு முன் கருவிகள் நீரில் இறங்கினால், ஓட்டம் குறையும் கோடை மாதங்களின் தரவு முழுமையாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர்