குமரி மாவட்டத்து லிஸியும் நாகம்மையும்

ஐயா,

பழைய நாவல்களில் கல்யாணம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் அது எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

1964இல் வந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலில் லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. பெரிய வீட்டுப் பெண் வெளியே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் மனமோ பனையேறி மகன் தங்கராஜிடம். அந்த வீட்டில் சொத்து கரைந்துவிட்டது. கௌரவம் மட்டும் கரையவில்லை. என் பாட்டியும் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும்தான் முற்றம் தாண்டுவாராம், அதுவும் குடையில் முகத்தை மறைத்துக்கொண்டு. நாவலை வாசித்துக் காட்டியபோது, "இது நம்ம கதையில்லா மக்ளே" என்றார்.

அப்புறம் நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968). இரணியல் செட்டிமார் குடும்பம். நாகம்மை பெண்ணே இல்லை என்று பழி சொல்லி அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுகிறான் கணவன். அவள் தம்பி திரவிதான் கிடந்து அல்லாடுகிறான்.

இவற்றைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்துப் 'புத்தம் வீடு' பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. லிஸிக்குக் கல்யாணம் ஆனதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு வாசகி,
மார்த்தாண்டம்