வீடு வேணாம் எண்டு சொன்னவங்க எல்லாம் திமிர் பிடிச்சவங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல லண்டன் கிரென்ஃபெல் டவர் நெருப்பில வீடு போன சனத்துக்கு வீடு குடுத்த கதைய போட்டிருந்தீங்க, அதுக்கு கீழ ஒரு வாசகர் "தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சு பாக்கலாமா, கிடைச்சத எடுத்துட்டு பேசாம இருக்கணும்" எண்டு எழுதியிருந்தார். எனக்கு அத வாசிச்ச உடனே சரியான கோவம் வந்துட்டு. நான் சுனாமிக்கு பிறகு மட்டக்களப்பு திராய்மடுவில குடுத்த வீட்டில இருக்கிற ஆள், அதனால இதில கொஞ்சம் பேச எனக்கு உரிமை இருக்கு எண்டு நினைக்கன்.

முதல்ல அது தானமே இல்ல. 2017 ஜூன் 14 விடியச்சாமத்தில நாலாம் மாடியில ஒரு வீட்டு பிரிட்ஜ்ல பத்தின நெருப்பு, அதோட நிண்டிருக்க வேண்டியது, 24 மாடியும் ஏறினதுக்கு காரணம் வெளிப்பக்கம் சுத்தி ஒட்டின தகடு. மேல அலுமினியம், நடுவில பிளாஸ்டிக். அதுக்கு முதல் வருசம்தான் அந்த ரிப்பேர் வேலைய முடிச்சவங்க. 72 பேர் செத்தாங்க. 2024ல வந்த கடைசி விசாரணை அறிக்கையில அத்தின சாவையும் தடுத்திருக்கலாம் எண்டே எழுதியாச்சு. அப்ப ஆர் ஆருக்கு தானம் குடுக்கிற? கடனுக்கு மாட்ட திருப்பி குடுக்கிறவன் அந்த மாட்டுப் பல்ல காட்டத்தானே வேணும்.

இரண்டாவது, எழுதின வாசகர் சொல்ற "சொகுசு பிளட்" கதை. அந்த டவர் இருந்த கென்சிங்டன்ல பெரிய பணக்கார தொடர்மாடி ஒண்டுக்குள்ள 68 பிளட்ட வாங்கி இந்த சனத்துக்கு ஒதுக்கினாங்க எண்டு வந்த உடனே அங்க இருந்த சில பேர் எங்கட வீட்டு விலை இறங்கப்போகுது எண்டு கத்தினாங்களாம். ஆனா அந்த 68ம் வாடகை குறைஞ்ச வீடாத்தான் முதல்லயே கட்டினது, நீச்சல் தடாகம், ஜிம் எல்லாம் மத்த ஆக்களுக்கு மட்டும்தான். அத எத்தின பேப்பர் பெரிசா போட்டது? அதே நேரம் அந்த மாநகரசபைக்குள்ளயே ஆயிரத்துக்கு மேல வீடு ஆளில்லாம சும்மா பூட்டிக்கிடந்தது, காசுக்காரன் வாங்கி விலை ஏறட்டும் எண்டு போட்டு வச்சது. அத எடுத்து குடுங்க எண்டு அப்ப அங்க எதிர்க்கட்சி தலைவரா இருந்த கோர்பின் சொன்னதுக்கு அந்த ஆள கம்யூனிஸ்ட் எண்டு திட்டினாங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். மூண்டு கிழமைக்குள்ள எல்லாருக்கும் கிட்டடியில வீடு காட்டுவம் எண்டு அரசாங்கம் சொன்னது. அந்த தவணை முடியக்குள்ள 139 குடும்பத்துக்கு வீடு காட்டியிருந்தாங்க, சரி எண்டு சொன்னது 14 குடும்பம் மட்டும்தான். உடனே ஒரு கூட்டம் தொடங்கிட்டு, பாத்தீங்களா பேராசையை எண்டு. அந்த சனம் என்ன சொன்னது எண்டு ஆராவது கேட்டாங்களா, சில பேருக்கு காட்டினது திரும்பவும் உயரமான மாடி வீடு, நெருப்புக்குள்ளால படியில இறங்கி வந்தவன் மறுகா மேல ஏறி படுப்பானா சொல்லுங்க, சில பேருக்கு அறை காணாது, சில பேருக்கு புள்ளைகள்ட பள்ளிக்கூடம் தூரம், இது தற்காலிகம் இன்னொருக்கா மாறணும் எண்டும் சொல்லியாச்சு, அப்ப சாமானக் கட்டி அவிழ்த்து திரும்பக் கட்டுறதுக்கு, தங்க வச்ச ஹோட்டல்லயே இருந்திரலாம் எண்டு நினைச்சிருப்பாங்க. ஒரு வருசம் கழிஞ்சும் பாதிக்கு மேல குடும்பம் நிரந்தர வீட்டுக்கு போகல்ல. இத்தினைக்கும் மாநகரசபை 300க்கு மேல வீடு வாங்கி வச்சிருந்தது. வீட்டுக்கு குறைவில்ல, ஆர்ட வீடு எங்க இருக்கணும் எண்டு கேக்கத்தான் ஆளில்ல.

நாங்க வேணாம் எண்டு சொல்லாத ஆக்கள். எங்களுக்கு நடந்தத பாருங்க. எங்கட பழைய ஊர் நாவலடி, ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் வாவி, நடுவில மணல். சுனாமிக்கு பிறகு கிழக்கில கடற்கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது எண்டாங்க, தெக்கில 100 மீற்றர்தான், அது ஏன் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கல்ல. பிறகு தளர்த்தினாங்கதான், ஆனா அதுக்குள்ள ஆக்கள் ஊர விட்டு எழும்பியாச்சு. திராய்மடுவில வீடு தந்தாங்க. கல்லு வீடு, கூரை ஓடு, குறை சொல்ல ஏலாது. ஆனா கடல் எங்க நாங்க எங்க? வலை தூக்கிற ஆக்கள் சைக்கிள்ல எஞ்சினையும் கட்டிக்கொண்டு சாமத்தில வெளிக்கிடணும். கொஞ்ச நாள்ல என்ன செஞ்சாங்க, கரையில பழையபடி கிடுகால ஒரு வாடி போட்டு அங்கயே படுத்தாங்க. வீட்டில பொம்புளையும் புள்ளைகளும், வாடியில ஆம்புளை. மாரி மழைக்கு வளவுக்குள்ள தண்ணி நிண்டா முத்தத்தில தவளை கத்தும், அது வேற.

அம்பாறைப் பக்கம் நுரைச்சோலை கதையும் தெரியும்தானே. அக்கரைப்பற்றில சுனாமியில வீடு போன முஸ்லிம் சனத்துக்கு எண்டு சவூதி காசில 500 வீடு கட்டினாங்க, அத ஆருக்கு குடுக்கிற எண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, வீடு வருசக்கணக்கா பத்தை மூடிக்கிடந்தது. நான் அந்த வழக்கில ஆர் பக்கம் நியாயம் எண்டு சொல்ல வரல்ல. அவ்வளவு வருசமும் வீடு போனவன் எங்க படுத்தான் எண்டுதான் கேக்கன்.

மற்றது கணக்கெடுக்கிற விசயம். எங்கட பக்கத்தில முதல் ஒருக்கா அடுப்பு நெருப்பு கிடுகில பிடிச்சு வரிசையா நாலு கொட்டில் எரிஞ்சது. தறப்பாளும் உலர் உணவும் உடனே வந்தது, அதுக்கு நன்றி. ஆனா பதிய வந்தவங்க நாலு வீடு, நாலு குடும்பம் எண்டு எழுதிட்டு போயிட்டாங்க. ஒரு கொட்டிலுக்குள்ள தாயும், கலியாணம் முடிச்ச மகளும் மருமகனும் ரெண்டு புள்ளையும். இன்னொண்டுக்குள்ள வாடகைக்கு இருந்த ஆக்கள், அவங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்ல, வீட்டுக்காரன்ட பேர்தான் இருக்கு. பிறப்பு சாட்சிப்பத்திரம், ஐடென்டி கார்ட் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சிருந்தவா அந்த அம்மா, டின்னத் திறக்கக்குள்ள உள்ள கறுப்பு சாம்பல் மட்டும். அந்த டின்ன கையில வச்சுக்கொண்டே ஒபிசுக்கு போனா, அங்க கேட்ட முதல் கேள்வி, அடையாள அட்டை எங்க?

லண்டன்லயும் இதே பிரச்சினைதான் வந்தது எண்டது உங்கட கட்டுரையில விடுபட்டு போச்சு. எரிஞ்சது 151 வீடு, ஆனா வீடு வேணும் எண்டு நிண்டது 200க்கு மேல குடும்பம், ஏனெண்டா நெருக்கமா ஒண்டா இருந்த பெரிய குடும்பங்கள் பிரிஞ்சு இருக்க கேட்டது. அத ஏத்துக்கொண்டாங்க. உள்வாடகைக்கு இருந்த ஆக்கள் பயந்து வெளியில வரமாட்டாங்க எண்டு தெரிஞ்சு, அதுக்காக வழக்கு போடமாட்டம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. பிந்தித்தான் செஞ்சாங்க, ஆனாலும் செஞ்சாங்க. இங்க நெருப்போ வெள்ளமோ வந்தா பதிய வாற ஆக்கள் அந்த ரெண்டையும் செய்ய ஒரு சதம் செலவில்ல, பேப்பர்ல ரெண்டு கோடு கூட வேணும் அவ்வளவுதான். காணி எங்க பாக்கிறது எண்டு முடிவெடுக்க முதல் அந்த நாலு குடும்பத்தையும், இல்ல ஏழு குடும்பத்தையும், ஒரு மரத்துக்கு கீழ கூப்பிட்டு இருத்தி தொழில் எங்க, புள்ளைகள் எந்த பள்ளிக்கூடம் எண்டு கேட்டா அரை நாளில முடியும்.

கடிதம் நீண்டு போச்சு, வெட்டுவீங்க எண்டு தெரியும். வெட்டுங்க, ஆனா அந்த 139, 14 கணக்க மட்டும் வெட்டாம போடுங்க, மாட்டுப் பல்லு கதை எழுதினவர் பாக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திராய்மடு, மட்டக்களப்பு.